2025 இல் ரீகோல் ஆனவர்களுக்கு எத்தனை நாள்? 14, 28, 56 எல்லாம் எங்கிருந்து வருகுது?

பனையோலை:

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருந்து லைசென்ஸில் (நிபந்தனையோடு) விடப்பட்டு, பிறகு நிபந்தனை மீறினதால் ரீகோல் ஆகித் திரும்ப உள்ளே போனவர்களின் குடும்பங்களுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு தயாராகுது. 2025 செப்டம்பர் 2 ஆம் திகதியில் இருந்து விதி மாறினது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகினம். 14 என்கிறார் ஒருவர், 28 என்கிறார் இன்னொருவர், "இல்லையில்லை, இனி 56" என்கிறார் மூன்றாமவர். மூன்று மாதிரி வழக்கை வைத்துக் கேட்கிறேன்.

முதலாவது ஆள்: போதைப்பொருள் விற்ற வழக்கு, 30 மாதத் தண்டனை. அதில் 40 வீதத்தை உள்ளே இருந்து கழித்து 2025 ஓகஸ்ட்டில் வெளியே வந்தவர். புரொபேஷன் (வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கிற துறை) சந்திப்பு இரண்டைத் தவறவிட்டார், சொல்லாமல் நண்பர் வீட்டில் இரவு தங்கினார். நவம்பர் 5 ஆம் திகதி திரும்ப உள்ளே. தண்டனை முழுதாக முடிகிறது 2027 பெப்ரவரி.

இரண்டாவது ஆள்: கடுங்காயம் விளைவித்த வழக்கு, 3 வருடம். முன்னாள் துணைவியோடு தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனையை மீறினதால் நவம்பரில் ரீகோல். அவருடைய தாளில் "மாப்பா" (ஆபத்தானவர்களைப் பொலிஸும் புரொபேஷனும் சேர்ந்து கண்காணிக்கிற ஏற்பாடு) என்று எழுதியிருக்கு. அதைப் பார்த்துவிட்டு "உனக்கு 28 நாள் கிடையாது" என்று பக்கத்து அறைக்காரர் சொல்லிவிட்டாராம்.

மூன்றாவது ஆள்: 26 மாதம். ரீகோல் ஆனது ஓகஸ்ட் 20. விதி மாறினபடியால் தானும் 28 நாளில் வெளியே வந்திருக்க வேணும் என்று நினைக்கிறார்.

யாருக்கு எத்தனை நாள், அதை எந்தத் தாளில் பார்ப்பது, முதல் வாரத்தில் வீட்டுக்காரர் என்ன செய்ய வேணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கோப்புக்காரன்:

என்ன தப்பு செய்தார் என்பதை வைத்து நாள் கணக்கு வருவதில்லை. தீர்ப்பில் சொன்ன தண்டனை எத்தனை மாதம் என்பதை வைத்து வருகிறது. உள்ளே கழித்த மாதமும் அல்ல, பாக்கி இருக்கிற மாதமும் அல்ல, நீதிபதி வாயால் சொன்ன மொத்தம். குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "ஒரு வருஷம்தான் உள்ளே இருந்தான்" என்பார்கள், தீர்ப்பைப் பார்த்தால் 30 மாதம் இருக்கும்.

2025 இல் இருந்த விதி இது. 12 மாதத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் 14 நாள். இந்த வகையினருக்கு 2024 ஏப்ரலிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். 12 மாதம் தொடங்கி 48 மாதத்துக்குக் குறைவாக என்றால் 28 நாள், இதுதான் செப்டம்பர் 2 இல் வந்த மாற்றம். சரியாக 4 வருஷம் வாங்கியவர் இந்த வரிசையில் வரமாட்டார், "48க்குக் குறைவு" என்பதுதான் சட்டத்தின் கோடு. 48 மாதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிலைமை பழையபடிதான்: வெளியே விட்டால் யாருக்கும் கடும் தீங்கு வராது என்று திருப்தி இருந்தால் 28 நாள் ரீகால் கொடுக்கலாம், இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் ரீகால். ஸ்டாண்டர்ட் என்றால் பரோல் போர்டோ அமைச்சகமோ விடும்வரை, விடாவிட்டால் தண்டனை முடியும்வரை உள்ளே.

56 நாள் என்பது வேறு கதை. டேவிட் காக் தலைமையிலான தண்டனை மறுஆய்வு 2025 மே மாதம் அதைப் பரிந்துரைத்தது. அதை வைத்து எழுதிய செண்டென்சிங் மசோதாவை அரசு காமன்ஸ் சபையில் வைத்ததும் அதே 2025 செப்டம்பர் 2 அன்றுதான். ஒரே நாளில் ஒன்று அமலுக்கு வந்தது, இன்னொன்று மசோதாவாகத் தாக்கலானது, செய்தி படித்தவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். உங்கள் மூன்று ஆட்களும் 2025 இல் ரீகால் ஆனவர்கள், அவர்கள் கணக்கில் 56 வராது. மசோதா 2026 ஜனவரியில்தான் சட்டமானது, அதற்குப் பிறகு ரீகால் ஆகிறவர்களுக்குப் புதுக் குறிப்பு போடுங்கள்.

இந்த 28 நாள் விதியிலிருந்து விலக்கப்பட்டவர்கள்: மாப்பா லெவல் 2, லெவல் 3 இல் இருப்பவர்கள், பயங்கரவாதம் மற்றும் தேசப் பாதுகாப்புக் குற்றவாளிகள், கடுமையான புதிய குற்றச்சாட்டு பதிவானவர்கள். ஆயுள் தண்டனை, ஐபிபி (முடிவுத் தேதி இல்லாத தண்டனை), எக்ஸ்டெண்டட் (லைசென்ஸ் காலம் நீட்டிய தண்டனை) வாங்கியவர்களுக்கு நிர்ணய நாள் ரீகால் என்பதே கிடையாது.

இப்போது உங்கள் ஆட்கள்.

முதல் ஆள் நேராக 28 நாள். திரும்பக் காவலுக்கு வந்த நாளே முதல் நாள். நவம்பர் 5 முதல் எண்ணினால் 28வது நாள் டிசம்பர் 2. சிறையின் ஓஎம்யு (கைதிகளின் தண்டனைக் கோப்பைப் பார்க்கும்) அலுவலகம் கணக்குப் போட்டு ஒரு தாள் கொடுக்கும், அதில் உள்ள தேதியைத்தான் நம்ப வேண்டும். பழைய விதியில் இதே ஆள் ஸ்டாண்டர்ட் ரீகால் ஆகியிருந்தால் 2027 பிப்ரவரிவரை மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது.

இரண்டாம் ஆளுக்குப் பக்கத்து அறைக்காரர் சொன்னது அவசரத் தீர்ப்பு. மாப்பாவில் வகை வேறு, லெவல் வேறு. வன்முறைக் குற்றத்துக்கு 12 மாதமோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் பெரும்பாலும் வகை 2 இல் தானாகவே விழுவார்கள். தாளில் "மாப்பா வகை 2" என்று இருப்பதால் ஒன்றும் ஆகாது. லெவல் 1 என்றால் புரொபேஷன் மட்டும் வழக்கமான முறையில் பார்த்துக்கொள்வது, அவருக்கு 28 நாள் உண்டு. பல துறைகள் கூடி உட்கார்ந்து திட்டம் போடும் லெவல் 2, 3 என்றால்தான் கிடையாது. புரொபேஷன் அதிகாரியிடம் "மாப்பாவா?" என்று கேட்காமல் "லெவல் எத்தனை?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆனால் வீட்டு வன்முறை சார்ந்த வழக்கு என்பதால் லெவலை உயர்த்தியிருக்கவும் கூடும். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பிலிருந்து இந்த 28 நாள் விதிக்கு வந்த கடும் எதிர்ப்பே இந்த மாதிரி வழக்குகளை முன்வைத்துத்தான், அதில் நியாயமும் இருக்கிறது.

மூன்றாம் ஆளுக்கு ஏமாற்றம்தான். புது விதி செப்டம்பர் 2 முதல் ரீகால் ஆகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஸ்டாண்டர்டில் உள்ளே இருந்தவர்களை அது தானாக மாற்றவில்லை. அவருக்கு இரண்டு வழி. ஒன்று, அமைச்சகமே ஆபத்தை மதிப்பிட்டு விடுவிக்கும் அதிகாரம், இதற்கு வெளியே உள்ள புரொபேஷன் அதிகாரி ஒரு உருப்படியான திட்டம் கொடுக்க வேண்டும். இரண்டு, பரோல் போர்டு. உள்ளே வந்து 28 நாளுக்குள் கோப்பு போர்டுக்குப் போயிருக்க வேண்டும், அதாவது செப்டம்பர் நடுவிலேயே. போனதா என்று முதலில் கேளுங்கள். போர்டு உறுப்பினர் ஒருவர் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம், நேரடி விசாரணைக்கும் அனுப்பலாம். காகிதத்தில் மறுத்துவிட்டால், அந்த முடிவு கையில் கிடைத்த 28 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்த 28 நாளும் ரீகாலின் 28 நாளும் ஒன்று என்று நினைத்துத் தவறவிடுகிறவர்கள் நிறைய. விசாரணை கேட்கும்போது 2013 இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்போர்ன் வழக்கில் சொன்னதை சொலிசிட்டர் எடுத்து வைப்பார்: நேரில் கேட்பதே நியாயமான இடத்தில் காகிதத்தோடு முடித்துவிடக் கூடாது.

இந்த மாற்றம் கருணையில் வந்தது என்று யாரும் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். 2025 மார்ச் இறுதியில் ரீகால் ஆகி உள்ளே இருந்தவர்கள் மட்டும் 13,500க்கு மேல். அப்போதைய நீதித்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் மே 14 அன்று இதை அறிவித்தபோது சொன்ன கணக்கு, சுமார் 1,400 இடம் காலியாகும் என்பது. இடநெருக்கடிக்கு வந்த விதி.

தேம்ஸ்கரை:

கோப்புக்காரன் அண்ணை சட்டத்தைச் சொல்லிட்டார். வீட்டுப் பக்கத்தை நான் சொல்லுறன். 28 நாள் ரீகோலில் சண்டை பிடிக்கிற இடம் பரோல் போர்ட் இல்லை, வீட்டு அட்ரஸ். 28 நாள் எப்படியும் முடியும். அது முடியிற அன்றைக்கு ஒப்புதல் உள்ள விலாசம் இல்லாட்டி, ஆள் திரும்பவும் நிபந்தனை மீறி, அடுத்த ரீகோல். ஒரே தண்டனைக்குள்ளே எத்தனை தரமும் ரீகோல் பண்ணலாம். முதலாவது ஆளுக்கு 2027 பெப்ரவரி வரைக்கும் லைசென்ஸ் ஓடுது எண்டால், அதுக்குள்ளே 28 நாள் 28 நாளாப் பல தரம் போய்வர இடம் இருக்கு.

அதனால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது:

வெளியே உள்ள புரொபேஷன் அதிகாரிக்கு (கொம் என்று சொல்லுவினம்) ஈமெயில் போடுங்கோ. ஃபோனில் கதைச்சது பதிவில் நிக்காது. "இன்னார் திரும்ப வந்து இந்த விலாசத்தில் இருக்க எங்களுக்குச் சம்மதம், வீட்டில் இன்னின்னார் இருக்கினம், வந்து பார்க்கலாம்" என்று நாலு வரி போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் வயதையும் எழுதுங்கோ, எழுதாட்டிக் கடைசி நேரத்தில் அதைக் கேட்டே இழுபடும். சிறைக்குள்ளே இருக்கிற அதிகாரி பொம். ரெண்டு பேருக்கும் ஒரே ஈமெயிலை அனுப்பினால் "அவரைக் கேள், இவரைக் கேள்" என்ற அலைச்சல் குறையும்.

ஆள் கவுன்சில் வீட்டிலோ வாடகை அறையிலோ தனியாக இருந்தவர் எண்டால் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு (அரசு உதவிக் காசு) உடனே அறிவிக்க வேணும். தனி ஆளாகக் க்ளெய்ம் பண்ணி, அதில் வாடகைப் பகுதியும் முதலே சேர்ந்திருந்து, 6 மாதத்துக்குள்ளே வெளியே வருவார் எண்டால் அந்த வாடகைப் பகுதி தொடர இடம் இருக்கு. சாப்பாட்டுக் காசுப் பகுதி நிண்டிடும். "28 நாள்தானே" என்று அறிவிக்காமல் விட்டால் பிறகு அதிகமாகக் கட்டினதைத் திருப்பித் தா என்று கடிதம் வரும். சோடியாக எடுத்த க்ளெய்ம் எண்டால் வெளியே உள்ளவர் மாற்றத்தைப் பதிய வேணும்.

வீடே இல்லாதவர் எண்டால், இங்கிலாந்தில் சிறைக்கும் புரொபேஷனுக்கும் அவரை உள்ளூர் கவுன்சிலுக்குப் பாரப்படுத்துகிற கடமை இருக்கு, 2017 ஆம் ஆண்டு வீடற்றோர் சட்டத்தின் கீழே. அதுக்கு அவர் சம்மதிக்க வேணும். அதோட காஸ் 3 எண்டு ஒரு தற்காலிக இடம், 84 இரவு வரைக்கும். அதுக்குப் புரொபேஷன்தான் விண்ணப்பிக்க ஏலும். 28 நாள் முடிய மூன்று நாள் இருக்கேக்க கேட்டால் இடம் கிடையாது, முதல் வாரத்தில் கேளுங்கோ.

பார்க்கப் போறது: ரீகோல் ஆனவர் ரிமாண்ட் ஆள் இல்லை, தண்டனை பெற்றவர் கணக்கு. விசிட்டிங் ஓடர் இல்லாமல் போக ஏலாது. நாலு கிழமைக்கு ரெண்டு தரம் என்பது சிறை விதி, ஆக 28 நாளுக்குள்ளே ரெண்டு சந்திப்பு கிடைச்சால் பெரிய காரியம். அதில் ஒன்றை அழுகைக்கு விட்டாலும் மற்றதில் லைசென்ஸ் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசிச்சுக் கதையுங்கோ. கனபேர் கவனிக்காத நிபந்தனை, ஒரு இரவெண்டாலும் வேறு இடத்தில் தங்க முதலே அனுமதி வேணும் என்பது. கலியாண வீட்டுக்கு லெஸ்டர் போய்ப் படுத்துவிட்டு வந்தாலும் அது மீறல்தான். வேலையும் அப்படித்தான், சொந்தக்காரர் கடையில் கையுதவிக்கு நிண்டாலும் முதலே சொல்லி ஒப்புதல் எடுக்க வேணும். லைசென்ஸில் கையெழுத்துப் போடாவிட்டால் அது செல்லாது என்று ஒரு கதை உலாவுது. கையெழுத்து இல்லாட்டியும் செல்லும்.

இன்னொன்று. ரீகோல் உத்தரவு வந்தது தெரிஞ்சு ஆள் ஒளிச்சுத் திரிஞ்சால் 28 நாள் ஓடாது. பிடிபட்டு உள்ளே போற அன்றைக்குத்தான் முதல் நாள். வெளியே திரிஞ்ச நாளெல்லாம் தண்டனையிலும் கழியாது, முடிவுத் திகதி அவ்வளவுக்குத் தள்ளிப்போகும். அதோட ஒளிச்சிருந்ததே தனிக் குற்றம், 2 வருடம் வரை. தெரிஞ்சுகொண்டே வீட்டில் ஒளிச்சு வைக்கிற ஆளுக்கும் வழக்கு வரும். சொலிசிட்டரோடு கதைச்சுப் பொலிஸில் தானே போய் நிக்கிறதுதான் நாளை மிச்சப்படுத்துற வழி.

பனையோலை:

ரெண்டு பேருக்கும் நன்றி. லெவல், வகை விஷயம் எங்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. இன்னும் ரெண்டு. 28 நாள் ரீகோல் பிழை என்று நினைக்கிறவர் எழுதி எதிர்க்கலாமா, எதிர்த்து என்ன பிரயோசனம்? மற்றது, புது வழக்கும் சேர்ந்து வந்தால்?

கோப்புக்காரன்:

எதிர்க்கலாம். 2003 குற்றவியல் நீதிச் சட்டம் 254வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது: ரீகால் செய்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும், எழுத்தில் மறுப்பு கொடுக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணம் எழுதிய ரீகால் கோப்பு அவர் கைக்கு வந்ததா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் பொம்முக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். மறுப்பு கொடுத்தால் வழக்கு பரோல் போர்டுக்குப் போகும். ஆனால் போர்டு கோப்பைத் திறப்பதற்குள் 28 நாள் முடிந்து ஆள் வீட்டில் இருப்பார், 14 நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்படியும் எழுதச் சொல்வேன், காரணம் அந்தக் கோப்பு அழியாது. அடுத்த ரீகால் வந்தால் முதல் பக்கத்திலேயே "முன்பும் சந்திப்பைத் தவறவிட்டவர்" என்று வரும். அந்த இரண்டு சந்திப்பில் ஒன்றுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது, புரொபேஷனுக்கு மெசேஜ் போட்ட ஸ்கிரீன்ஷாட் இருந்தது என்றால் அதை இப்போதே கோப்பில் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஃபோனும் இருக்காது, மெசேஜும் இருக்காது. எழுதும்போது அதிகாரியைத் திட்டாமல், தேதி, நேரம், ஆதாரம் மூன்றோடு ஒரு பக்கத்தில் முடியுங்கள். ஸ்டாண்டர்ட் ரீகாலில் பரோல் போர்டு வழக்கு என்றால் சட்ட உதவி கிடைக்க வழி இருக்கிறது, வருமானத்தைப் பார்ப்பார்கள். கிரிமினல் வழக்கு நடத்தியவரையே கூப்பிடாமல், சிறைச் சட்டம் பார்க்கும் சொலிசிட்டராகத் தேடுங்கள்.

புது வழக்கு சேர்ந்தால் கணக்கு கெட்டுப்போகும். ரீகால் ஒரு பூட்டு, ரிமாண்ட் இன்னொரு பூட்டு. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் ரீகால் முடியும்வரை வெளியே வர முடியாது. 28 நாள் முடிந்தாலும் ரிமாண்ட் இருந்தால் வெளியே வர முடியாது. ரீகாலிலும் ரிமாண்டிலும் ஒரே நேரத்தில் இருந்த நாட்கள் புதுத் தண்டனையில் கழியாது. குடும்பம் "நாலு மாசம் உள்ளே இருந்துட்டான், அதைக் கழிச்சுடுவாங்க" என்று நம்பிக்கொண்டிருக்கும். அதில் 28 நாள் ரீகாலில் போனது என்றால் அந்த 28 நாளை எடுத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஸ்டாண்டர்ட் ரீகால் என்றால் நாலு மாதமும் போச்சு. குற்றத்தை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கும் இடத்தில் இந்தக் கணக்கு தெரியாமல் முடிவெடுக்கிறார்கள், சொலிசிட்டரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

ஈரநிலம்:

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

எல்லாக் கடிதமும் ரீகோல் இல்லை. 2025 இல் இருந்த விதிப்படி, 2 வருடத்துக்குக் குறைஞ்ச தண்டனைக்காரருக்கு லைசென்ஸ் முடிஞ்ச பிறகும் ஒரு மேற்பார்வைக் காலம் ஓடும். அதை மீறினால் ரீகோல் கிடையாது, மாஜிஸ்ட்ரேட் கோட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். அங்கே 14 நாள் வரை சிறை போடலாம், போடாமலும் விடலாம். இந்த 14 நாளையும் ரீகோலின் 14 நாளையும் ஒண்டெண்டு நினைச்சு, கோட்டுக்குப் போகாமல் பொலிஸ் வருமெண்டு வீட்டில் காத்திருக்கிறவை இருக்கினம். கடிதத்தில் திகதியும் கோட்டு விலாசமும் இருந்தால் போயே ஆக வேணும்.

மற்றது, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத ஆட்கள். 12 மாதமோ அதுக்கு மேலோ தண்டனை பெற்றவர் மேல் 2007 சட்டப்படி நாடுகடத்தல் உத்தரவு வரும், விதிவிலக்கு இருந்தாலொழிய. இப்படியானவர் 28 நாள் ரீகோலில் இருக்கேக்க ஹோம் ஒஃபிஸ் குடிவரவு அதிகாரத்தில் தொடர்ந்து பிடிச்சு வைக்கலாம். 28வது நாள் வாசலில் கார் கொண்டுபோய் நிண்ட குடும்பத்துக்கு "அவர் வரமாட்டார்" என்று சொல்லுறது இதனாலதான். ஐஎஸ் 91 என்ற குடிவரவுத் தடுப்புக்காவல் தாள் அவர் கையில் வந்ததா என்று ஃபோனில் கேளுங்கோ. வந்திருந்தால் இது சிறை விஷயம் தாண்டிட்டுது. குடிவரவு ஜாமீன் கேட்கிற சொலிசிட்டர் வேற ஆள், அவரை 28 நாள் முடிய முதலே பிடிக்க வேணும்.

பனையோலை:

குறிப்பின் முதல் பக்கத்தில் நாலு கேள்வி மட்டும் போடப்போறோம்: தீர்ப்பில் எத்தனை மாதம், திரும்ப உள்ளே போன திகதி, மாப்பா லெவல், புது வழக்கோ குடிவரவுத் தாளோ இருக்கா. மாதிரிக் கடிதம் ஒன்று கொம்முக்கு, ஒன்று பொம்முக்கு. ஓஎம்யு தருகிற தாளில் வெளியே வருகிற திகதி எந்த மூலையில் இருக்கும் என்று ஒரு வெற்றுப் படிவம் யாரிடமாவது இருந்தால், பெயர் நம்பர் எல்லாம் மறைச்சுப் போடுங்கோ.

கோப்புக்காரன்:

சிறைக்குச் சிறை படிவம் மாறும், படம் போட்டால் அடுத்தவரைக் குழப்பும். தாளில் மூன்று தேதியைத் தேடச் சொல்லுங்கள்: காவலுக்குத் திரும்பியது, ரீகாலில் விடும் தேதி, தண்டனை முடிவுத் தேதி. முதல் தேதியையும் இரண்டாவதையும் சேர்த்து எண்ணி 28 நாள் வராவிட்டால் அன்றைக்கே எழுத்தில் கேட்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, தண்டனை முடிவே 28 நாளுக்குள் வந்துவிட்டால் அன்றோடு வெளியே, அதற்குப் பிறகு லைசென்ஸும் இல்லை.